அளவு ஜாக்கெட்

ஆரணியில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது உடம்பில் டேப் வைத்து அளப்பது அபூர்வம். நமக்குப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு பையில் மடித்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். தைப்பவர் அதை மேசையில் விரித்து, அதைப் பார்த்து அதே போல இன்னொன்று வெட்டிவிடுவார். புதியது நன்றாக வந்தால் அடுத்த முறை அதுவே அளவு ஜாக்கெட். பழையது அடுப்படித் துணியாகிவிடும். எல்லார் வீட்டிலும் நடப்பது இது. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்றுதான் நானும் இருந்தேன். என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று அந்த யோசனை ஆரம்பித்தது. அதுவும் ஜாக்கெட்டில் ஆரம்பிக்கவில்லை, முதுகில் ஆரம்பித்தது.

வந்தவர்கள் பக்கத்தில் இருக்கிற சேத்துப்பட்டுக்காரர்கள். எங்களைப் போல நெசவுக் குடும்பம்தான் என்றாலும் தாத்தா காலத்திலேயே தறியை விட்டுவிட்டு இரும்புக் கடை வைத்தவர்கள். பையன் சென்னையில் வேலை பார்க்கிறான், என் மகளும் அங்கேதான். இருவரும் முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதால் அன்றைய தினம் பெரியவர்களுக்கான சம்பிரதாயம் மட்டுமே. காபி முடிந்து, என் அக்கா பலகாரத் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்த பையனின் அம்மா என் பக்கம் சாய்ந்து, மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அக்காவுக்கும் உங்களுக்கும் முதுகு ஒரே மாதிரி வளைஞ்சி இருக்குது. குடும்பத்துலயே வர்றதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றேன். சொல்லும்போதே நிமிர்ந்து உட்காரப் பார்த்தேன். முன்பக்கக் கொக்கிகள் இழுத்தன. பழையபடி தளர்ந்துகொண்டேன். அவர் கண்கள் அதற்குள் என் மகளிடம் போய்விட்டன. அவள் புடவை கட்டிக்கொண்டு குனிந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

என் அக்கா குழித்தறியில் நெய்கிறவள். தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு, விளிம்பில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து வேலை செய்ய வேண்டும். பன்னிரண்டு வயதில் உட்கார்ந்தவள் இன்னும் எழவில்லை. அவள் முதுகு வளைந்திருப்பதை நான் ஒரு செய்தியாகவே நினைத்ததில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் நான் தறியில் உட்கார்ந்ததே இல்லை. என்னைப் படிக்க வைத்தார்கள். டைப்பிங் பாஸ் பண்ணி, பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனேன். எனக்கு எதற்கு அந்த முதுகு?

அன்று மாலை மகள் போனில் எடுத்த படங்களை அனுப்பினாள். பக்கவாட்டில் எடுத்த ஒன்றில் நான் இருந்தேன். தோள்களுக்கு முன்னால் தலை நீண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு மேடு. முதலில் அது அக்கா என்றே நினைத்தேன். அப்புறம் புடவை நிறத்தைப் பார்த்துத்தான் நான் என்று தெரிந்தது.

அதன்பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும் நேரத்தில் அதன் கறுப்புக் கண்ணாடியில் என் தோளைப் பார்ப்பேன். பஜாரில் நடக்கும்போது நகைக் கடைக் கண்ணாடியில் பார்ப்பேன். பார்க்கிற கணத்தில் நிமிர்ந்துவிடுவேன், அதனால் உண்மையில் எப்படி நடக்கிறேன் என்பது தெரியாமலே போகும். சம்மதம் என்று பையன் வீட்டார் போன் செய்தபோது நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டு, கடைசியில் அந்த அம்மாள், "நீங்க ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிட்டா நல்லதுங்க. நம்ம பொண்ணுக்காகச் சொல்றேன்" என்றார். நம்ம பொண்ணு என்று சொன்னதில் சந்தோஷப்பட வேண்டியவள், மீதி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

வேலூருக்குப் போய் எலும்பு டாக்டரிடம் காட்டினேன். படம் எடுத்தார்கள். அவர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, உட்காரும் பழக்கம்தான், நிமிர்ந்து உட்காருங்கள் என்றார். யாருக்கும் நிம்மதி தருகிற பதில். எனக்குத் தரவில்லை. எலும்பில் ஒன்றுமில்லாமல் ஏன் வளைய வேண்டும்? அவர் அவசரமாகப் பார்த்தாரோ? வரிசையில் எனக்குப் பின்னால் நிறையப் பேர் இருந்தார்கள். இன்னொன்றையும் அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். என் வலது கை.

கல்யாணமான நாளிலிருந்தே என் ஜாக்கெட்டுகளில் வலது கை தளர்வாக இருக்கும். இடது கை சரியாகப் பிடித்திருக்கும், வலது பக்கம் ஒரு விரல் தாராளமாக உள்ளே போகும். யார் தைத்தாலும் அப்படித்தான். ஆகவே வலது கை மெலிந்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். குளிக்கும்போது இடது கை விரல்களால் வலது மேற்கையைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பேன், பிறகு மாற்றிப் பிடிப்பேன். ஒரு நாள் சமமாகத் தெரியும், ஒரு நாள் தெரியாது. கனமான பையை எப்போதும் வலது கையில்தான் தூக்குவேன், சதை பிடிக்கட்டும் என்று. இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது சிரிக்காமல் பயப்படுவார்கள். இரண்டும் வேண்டாம் என்று இருந்தேன். இப்போது முதுகும் கையும் சேர்ந்து ஒரே வியாதியின் இரண்டு முனைகளாகத் தெரிய ஆரம்பித்தன.

நிச்சயத்துக்கு ஜாக்கெட் தைப்பதைப் பற்றி மகள் போனில் சொன்னாள். "ம்மா, இந்த தடவயாவது பொட்டிக்ல குடு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புதுசா ஒண்ணு வந்திருக்குதில்ல, அங்க."

அந்தக் கடையை நடத்துவது முப்பது வயதுக்குள் இருக்கிற பெண். சென்னையில் ஃபேஷன் டிசைன் படித்துவிட்டு வந்தவள். நாலு மெஷின், ஊசியில் ஆரிப் பூவேலை செய்ய இரண்டு பெண்கள், ஒரு ஆளுயரக் கண்ணாடி. நான் தயங்கித் தயங்கி, நிமிர்ந்து நிற்கிற மாதிரி காட்டும்படி தைக்க முடியுமா என்று கேட்டேன்.

"எல்லாரும் இளைச்ச மாதிரி காட்டுன்னு கேப்பாங்க மேடம். நீங்கதான் நிமிர்ந்த மாதிரி கேக்குறீங்க" என்று சிரித்தாள். "தச்சிடலாம். உள்ள கேன்வாஸ் வெச்சி, பிரின்சஸ் கட் போட்டா ஜாக்கெட்டே உங்கள நிக்க வெச்சிடும். அளவு ஜாக்கெட் இருக்குதில்ல?"

இருந்தது. கொடுத்தேன்.

போட்டுப் பார்க்க வரச் சொன்ன நாளில் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டேன். கழுத்தும் கையும் அழகாக வந்திருந்தன. கண்ணாடி முன் நின்று தோளைப் பின்னால் தள்ளினேன். கொக்கிக்குக் கொக்கி துணி வாய் பிளந்தது. முதுகில் துணி தொளதொளவென்று எழும்பியது. தோளை முன்னால் கொண்டுவந்ததும் எல்லாம் சரியாக அமர்ந்துகொண்டது. பழைய ஜாக்கெட்டுகளில் துணியாவது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இதில் உள்ளே கனத்த துணி வேறு. என் குனிவுக்கு இஸ்திரி போட்டு நிறுத்தியதைப் போல இருந்தது.

"பேஜாரா போச்சே" என்றாள் அந்தப் பெண், என்னைச் சுற்றி வந்துகொண்டே. "அளவு ஜாக்கெட் எப்படியோ அப்படியேதான் மேடம் வெட்னேன். இருங்க, உடம்புலயே எடுத்திடறேன்."

டேப்பை எடுத்தாள். என் உடம்பில் யாரும் டேப் வைத்தே பல வருஷம் ஆகிறது என்று அப்போதுதான் உறைத்தது. கூச்சமாக இருந்தது.

"கைய சும்மா தொங்க விடுங்க. மூச்சப் புடிச்சிகினு நிக்காதீங்க மேடம், ஜாக்கெட் போட்டுகினு மூச்சு விட வேணாமா?"

முதலில் இடது கை. பிறகு வலது கை. டேப் வலது மேற்கையைச் சுற்றியபோது, டாக்டரிடம் கேட்காமல் வந்த கேள்வியை இவளிடம் கேட்பது போல இருந்தது. அவள் எழுதிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனாள்.

"வலது கை எவ்ளோம்மா?"

"அதேதான் மேடம். ரெண்டும் ஒண்ணு."

"இன்னொரு தடவ பாரு."

பார்த்தாள். "நூலளவு கூட வித்தியாசம் இல்ல. ஏன் மேடம்?"

"சும்மாதான்" என்றேன். அவள் தோளிலிருந்து இடுப்பு வரை முன்பக்கம் அளந்தாள், பின்பக்கம் அளந்தாள், அளவு ஜாக்கெட்டை எடுத்து அதையும் அளந்தாள். "உங்களுக்கு முன்பக்கம் இதவிட நல்லா நீளம் வேணும். பின்னாடி இவ்ளோ அகலம் வேணவே வேணாம். ஜாக்கெட்ட மாத்தி எடுத்தாந்துட்டீங்களா? இது நல்லா குனிஞ்சி இருக்கறவங்களுக்குத் தச்சதாட்டம் இருக்குது."

"என்னுதுதாம்மா. என் கல்யாணத்துலேர்ந்து எனக்கு இந்த அளவுதான்" என்றேன். குரலில் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. முதல் ஜாக்கெட்டை அவளே பிரித்து வைத்துக்கொண்டு, இரண்டாவதற்குத் துணி கேட்டாள். வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் அலமாரியிலிருந்த எல்லா ஜாக்கெட்டுகளையும் கட்டிலில் பரப்பினேன். எதையும் ஒழுங்கு தவறாமல் வைப்பவள் நான். நிறவாரியாக அடுக்கியிருந்ததை எல்லாம் கலைத்து, புதியதிலிருந்து பழையது வரை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் வலது கையை இடது கையின் மேல் மடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வலது கை அகலம். கடைசியில் பீரோவின் அடித்தட்டிலிருந்து, கூரைப் புடவையோடு சுற்றி வைத்திருந்த கல்யாண ஜாக்கெட்டை எடுத்தேன். சரிகை கறுத்திருந்தது. அதிலும் அப்படித்தான். என் கைகள் சமமாக இருந்தால், கல்யாணத்தின்போதே இந்தக் கை ஏன் அகலமாக இருக்க வேண்டும்? அப்போது வலது கை மட்டும் மெலிந்திருந்து, பிறகு இடது கையும் மெலிந்துவிட்டதோ? இப்படியும் யோசிக்க முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் மாலை, தட்டுகளுக்கு வெற்றிலை பாக்கு மஞ்சள் பிரித்து வைக்க அக்கா வந்தாள். கட்டிலைப் பார்த்துவிட்டு, "இன்னா, கடை போட்டுகினு இருக்கே?" என்றாள். பிறகு கல்யாண ஜாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வலது கையைத் தடவினாள்.

"ஏண்டி, இது என் அளவாச்சே."

"உன் அளவு எப்டி வரும்? என் கல்யாண ஜாக்கெட் அது."

"உன் ஜாக்கெட்தான், யாரு இல்லன்னாங்க. அளவு என்னுது. இந்த கைய பாரு. நான்தான் டைலர் கிட்ட சண்ட போட்டு இப்டி வெக்கச் சொன்னவ." சொல்லிக்கொண்டே தன் வலது கையை அதற்குள் நுழைத்தாள். முழங்கைக்கு மேலே துணி அவள் கையைச் சுற்றிச் சுருக்கமில்லாமல் நின்றது. என் கையில் ஒரு நாளும் நிற்காத மாதிரி நின்றது.

தறியில் நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை ஓட வைக்கும் கயிற்றை வலது கைதான் நாள் முழுதும் இழுக்கும். நெய்கிறவர்களுக்கு அந்தக் கை கொஞ்சம் திரண்டுதான் இருக்கும். அது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை என் ஜாக்கெட்டோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"கல்யாணத்துக்குத் தைக்கக் குடுக்கும்போது நீ எங்க இருந்தே? டைப் பரீட்சன்னு வேலூருக்குப் போயிட்ட. டைலர் ஜல்தியா குடுங்க, முகூர்த்த நாள் நெருக்கம்ன்றான். அம்மா என் ஜாக்கெட்ட எடுத்துக் குடுத்துட்டாங்க. ரெண்டும் ஒரே உடம்புதானேன்னாங்க. அப்போ நான் இப்டியா இருந்தேன், ஒல்லியாதான் இருந்தேன். முதுகு மட்டும் அப்பவே வந்துட்டுது."

"அப்புறம் யாரும் சொல்லவே இல்லியே."

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? நீ போட்ட. பொருந்திச்சின்ன. முடிஞ்சுது." அக்கா கையை உருவிக்கொண்டு, அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தாள். "இத்தினி வருஷமா என் உடம்ப மாட்டிகினு ஆபீசுக்குப் போய்கினு இருந்தியா நீ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொருந்தியது என்று நான் சொன்னது உண்மைதான். எப்படிப் பொருந்தியது என்பது இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நிமிர்ந்தால் கொக்கிக்கு நடுவே இடைவெளி தெரியும். புது மருமகள், புது அலுவலகம், எதிரே ஆண்கள். தோளை லேசாக முன்னால் குறுக்கிக்கொண்டால் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே உடம்பு அதைக் கண்டுபிடித்து, அப்படியே பழகிவிட்டது. துணி பழசாகித் தளர்ந்ததும் அதே அளவில் புதியது வந்துவிடும். நான் துணியைத் திருத்தவில்லை, என்னைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறேன்.

"ஜாக்கெட் போட்டா முதுகு வளையுமாக்கா?"

"எனுக்கு இன்னா தெரியும்? எனுக்குக் குழி. உனுக்கு வேணா ஜாக்கெட்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் பாக்கைப் பிரிக்க உட்கார்ந்தாள். உட்காரும்போது முதுகு தறியில் உட்காருவது போலவே வளைந்தது.

அவள் போன பிறகுதான் மகளின் நினைவு வந்தது. அவளுக்கு முதன்முதலில் பாவாடை தாவணிக்கு ஜாக்கெட் தைத்தபோது என் அளவு ஜாக்கெட்டைத்தான் கொடுத்தேன். ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் உள்ளே பிடியுங்கள் என்று சொன்னேன். பிறகு அவளுடையதெல்லாம் அதைப் பார்த்து வெட்டியவை. பெண் பார்க்க வந்த அன்று போட்டிருந்ததும் அதே வழியில் வந்ததுதான். போனை எடுத்து அன்றைய படங்களைத் திரும்பப் பார்த்தேன். என்னைப் பார்த்துவிட்டு மூடியிருந்ததால் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை. அவளும் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நின்றிருந்தாள். பிறகு அவள் அலுவலகத்தில் சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு நிற்கிற படத்தைத் தேடி எடுத்தேன். அதில் நேராக இருந்தாள். மாற்றி மாற்றிப் பார்த்தேன். நேராக இருக்கிறாள் என்று மனசு சொன்னாலும், அந்தப் படத்துக்காக நிமிர்ந்திருப்பாளோ என்ற சந்தேகம் கூடவே வந்தது. என்னைப் போல.

நிச்சயத்தன்று புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். வழக்கமாகத் துணி தொடுகிற இடங்களில் தொடவில்லை, தொடாத இடங்களில் தொட்டது. குனிந்தால் வயிற்றுக்கு மேலே துணி மடிந்து உறுத்தியது, நிமிர்ந்தால் விட்டது. அந்தப் பெண் சொன்ன மாதிரி ஜாக்கெட்டே என்னை நிற்க வைத்தது. ஆனால் மார்பை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பதாக எனக்குத் தோன்றியது. எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள் என்று முந்தானையை இன்னும் ஒரு சுற்று இழுத்துக்கொண்டேன். என் கணவர் வாசலில் நின்று ஒரு கணம் பார்த்துவிட்டு, "யாரோ மாதிரி இருக்கே" என்றார். பிறகு தணிந்த குரலில், "உங்க அக்காவ மேடைல ஏத்த வேணாம். கீழ முன் வரிசைல உக்காரட்டும். எதுக்கு வம்பு" என்றார்.

மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் அதுவே உறுத்திக்கொண்டிருந்தது. அக்காவிடம் கீழே உட்கார் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டால், நிமிர்ந்து நிற்கிற என் பக்கத்தில் அவள் இன்னும் குனிந்து தெரிவாள். அந்த அம்மாளின் கேள்வி அங்கேயே மறுபடி எழும்.

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா தானாகவே மேடையேறி வந்துவிட்டாள். போட்டோக்காரர் கையைக் காட்டி, "பெரியம்மா, கொஞ்சம் நிமிருங்க" என்றார்.

"இதுதாம்ப்பா நிமிர்றது. இதுக்கு மேல நிமிந்தா ரெண்டா ஒடிஞ்சிடுவேன், எடு நீ" என்றாள்.

மேடையில் சிரிப்பு எழுந்தது. சம்பந்தியம்மாளும் சிரித்தார், பிறகு அக்காவின் முதுகில் லேசாகக் கை வைத்தார். "வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"வலிக்காம இன்னாங்க. குழில உக்காந்து குனிஞ்சிகினே இருந்தா யாருக்குன்னாலும் வலிக்கும். உங்க மாமியார் வீட்ல தறி இருந்தப்போ பாத்திருப்பீங்களே?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. மாமியாருக்குக் கூட இப்டிதான் இருக்கும், வயசுன்னு நெனச்சேன்." அவர் யோசனையாக அக்காவைப் பார்த்தார். "அப்போ இது வேலையில வந்ததா?"

"பின்ன? இவ கட்டிகினு இருக்கற புடவை கூட இந்த முதுகுல வந்ததுதான்" என்று அக்கா என் முந்தானையைப் பிடித்துக் காட்டினாள்.

சம்பந்தியம்மாள் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தோளைப் பார்த்தார். "நீங்களும் நெய்வீங்களா?"

"இல்லீங்க."

"அன்னிக்கு வந்தப்போ உங்களுக்கும் கொஞ்சம் வளைஞ்சாப்ல தெரிஞ்சிதே. இன்னிக்கு நல்லா இருக்கீங்க."

டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் எக்ஸ்ரே கவரைக்கூட பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அன்னிக்கு அக்கா ஜாக்கெட்டப் போட்டுகினு இருந்தேங்க."

அக்காதான் முதலில் சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். நான் வேடிக்கைக்குச் சொன்னதாகவே இருவீட்டாரும் எடுத்துக்கொண்டார்கள். அது உண்மை என்று விளக்க நேரமில்லை, தட்டு மாற்றக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு முதுகைப் பற்றி அவர் கேட்கவில்லை. படங்கள் வந்ததும் பார்த்தேன். ஆரம்பத்தில் எடுத்தவற்றில் நிமிர்ந்திருக்கிறேன். பந்தி நேரத்தில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நான் நின்றுகொண்டிருந்த படத்தில், புது ஜாக்கெட்டையும் மீறித் தோள் மெல்ல முன்னால் வந்திருந்தது. உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல.

அடுத்த வாரம் பொட்டிக் பெண் போன் செய்தாள். கல்யாணத்துக்கு மகளுடைய ஜாக்கெட்டுகள் எல்லாம் அவளிடம்தான்.

"மேடம், ஆரி வேலை இருக்குது, டைம் ஆவும். பொண்ணோட அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்து அனுப்பிடுங்க, ஆரம்பிச்சிடறேன்."

"அவ சனிக்கிழமை வருவா" என்றேன். "அதுவரைக்கும் எதையும் வெட்டாத. அவ உடம்புலயே எடு. ரெண்டு கையும் தனித்தனியா எடு."

"அது சரி மேடம். ஒரு மாதிரிக்காவது ஒண்ணு குடுங்களேன்."

"எங்க வீட்ல இல்லம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். அவளுடையவை, என்னுடையவை எல்லாம் நிறவாரியாக அடுக்கியபடி இருந்தன. ஒன்றையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. கதவைச் சாத்தும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தேன், பார்த்ததும் நிமிர்ந்தேன். இடது கை தானாகவே வந்து வலது மேற்கையைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தது.